டஸ்கனி வெள்ளைப் பயறு (ஃபஜோலி அல்லுச்செல்லெத்தோ): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஊர் உணவு? இதில் என்னென்ன சேர்கின்றன?

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள டஸ்கனி மாநிலத்தின், குறிப்பாக ஃபுளோரன்ஸ் நகரத்தின், அன்றாட வீட்டு உணவு இது. குழையாமல் மெத்தென்று வெந்த வெள்ளைப் பயறு, பூண்டு, சேஜ் இலை (துளசிக் குடும்பத்து மணமூலிகை), தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு ஆகியவற்றைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. மசாலாப் பொடி, வெங்காயம், பால் பொருள் எதுவும் சேராததால் ஒவ்வொரு பொருளின் சுவையும் நாக்கில் தனித்தனியே தெரியும். பயறு சரியாக வேகாவிட்டால் அதை மறைக்க வேறொன்றும் இருக்காது. அதனால்தான் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி பயறு வேகவைப்பதைப் பற்றியே இருக்கிறது.

டஸ்கனிக்காரர்களை மற்ற இத்தாலியர்கள் ‘மாஞ்சாஃபஜோலி’, அதாவது பயறு தின்னிகள், என்று கேலி செய்வது பழைய வழக்கம். அந்த மக்கள் அந்தப் பெயரைக் கோபமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

‘அல்லுச்செல்லெத்தோ’ என்றால் என்ன பொருள்?

‘உச்செல்லெத்தோ’ என்றால் சிறு பறவை. முழுப் பெயருக்குச் ‘சிறு பறவையைப் போல் சமைத்த பயறு’ என்று பொருள் கொள்ளலாம். ஆனால் இதில் பறவை இறைச்சி கிடையாது. வேட்டையில் பிடித்த சிறு பறவைகளைச் சேஜ் இலை சேர்த்துச் சமைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். அதே இலையும் அதே மணமும் பயற்றுக்கு வந்ததால் பெயரும் உடன் வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 1891-இல் ஃபுளோரன்ஸில் தம் சமையல் நூலை வெளியிட்ட பெல்லெக்ரீனோ அர்த்தூசி இந்த உணவையும் அதில் சேர்த்திருக்கிறார்; அந்நகரத்து உணவகங்களில் இப்பெயரைக் கேட்டதாகவே எழுதுகிறார். அவர் சொல்வது உலர்ந்த பயறு அல்ல, நெற்றிலிருந்து அப்போதே உரித்த, உலராத வெள்ளைப் பயறு. கோடையில் டஸ்கனி வீடுகளில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள்.

எந்தப் பயற்றை வாங்க வேண்டும்? தமிழ்நாட்டில் கிடைக்குமா?

அங்கே பயன்படுவது ‘கன்னெல்லீனி’ என்னும் வெள்ளைப் பயறு. நீள்வட்டமாக, மெல்லிய தோலோடு, வெந்தபின் வெண்ணெய் போல் இருக்கும். டஸ்கனியின் பெஷ்யா நகரை ஒட்டிய சொரானாவில் விளையும் பயறு இதைவிடத் தோல் மெல்லியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் அதற்கு உண்டு. அது விலை உயர்ந்தது, நம் கடைகளில் தேடிப் பயனில்லை.

இங்கே வாங்கத்தக்கது வெள்ளை ராஜ்மா. சிவப்பு ராஜ்மா, கன்னெல்லீனி, நாம் பொரியல் செய்யும் பீன்ஸ் ஆகிய மூன்றும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை, வகைதான் வேறு. எனவே வெள்ளை ராஜ்மாவைப் பயன்படுத்துவதை மாற்றுப்பொருள் என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. சித்ரா ராஜ்மா எனப்படும் புள்ளி போட்ட வகையும் நன்றாக வரும். இத்தாலியின் வட பகுதியில் ‘பொர்லொத்தி’ என்ற பெயரில் அதைப் போன்ற பயறுதான் புழங்குகிறது. டபுள் பீன்ஸ் வேறு இனம். மாவுத்தன்மை மிகுதி, தோலும் தடிப்பு. சுவை மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த உணவுக்கு அது ஒத்துவருவதில்லை. கொண்டைக்கடலையும் அப்படியே.

வாங்கும்போது பயற்றின் பளபளப்பைப் பாருங்கள். மங்கலாக, தோல் சுருங்கி, உடைந்த விதைகள் நிறைய இருந்தால் அது பழைய சரக்கு.

காராமணியில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். அதற்கு வரலாற்று நியாயமும் இருக்கிறது. கன்னெல்லீனி உள்ளிட்ட பயறுகள் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பின்னரே அவை ஐரோப்பாவுக்கு வந்தன. அதற்கு முன் இத்தாலியர்கள் தின்ற பயறு, கண் வைத்த வெள்ளைக் காராமணியின் இனம்தான். ‘பயறு தின்பவன்’ என்ற புகழ்பெற்ற ஓவியத்தை அன்னீபலே கர்ராச்சி 1580களில் வரைந்தார். ரோம் நகரின் கொலோன்னா காட்சியகத்தில் இன்று அதைப் பார்க்கலாம். அதில் வைக்கோல் தொப்பி அணிந்த ஓர் ஆள் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்; அவர் முன் இருக்கும் கிண்ணத்தில் கருங்கண் பயறு நிறைந்திருக்கிறது. நம் வீட்டுக் காராமணியை அந்தக் கிண்ணத்தில் அடையாளம் காண்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே என்பதால், கொலம்பஸுக்கு முந்திய டஸ்கனிச் சமையலறையில் இந்த உணவு இன்றைய உருவில் இருந்திருக்க முடியாது.

காராமணி விரைவில் வெந்துவிடும். ஊறியதற்கு 30 முதல் 40 நிமிடம் போதும். அதன் மண் மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பதால் சேஜ் இலையை ஓரிரண்டு கூட்டிப் போடுங்கள்.

நான்கு பேருக்கு என்ன அளவு?

உலர்ந்த பயறு 250 கிராம், பூண்டு 5 பல் (இரண்டு வேகவைக்க, மூன்று எண்ணெயில் போட), சேஜ் இலை 8 முதல் 10, நன்கு பழுத்த தக்காளி 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 5 மேசைக்கரண்டி, உப்பு, கொரகொரப்பாக இடித்த மிளகு. 250 கிராம் பயறு ஊறி வெந்தபின் இரு மடங்குக்கும் மேல் எடை கூடிவிடும்.

ஊறவைத்தே ஆக வேண்டுமா?

ஆம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், பயற்றின் மேல் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊறவைக்க வேண்டும். கோடையில் நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுவதும் வெளியே வைத்தால் புளித்து நுரைத்துவிடும். அப்போது பாத்திரத்தைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். நன்றாக ஊறிய பயற்றைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரே நிறமாக இருக்கும். நடுவில் வெளிறிய, உலர்ந்த பொட்டுத் தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

நேரம் இல்லையென்றால் பயற்றைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடலாம். தோல் சற்று அதிகம் வெடிக்கும், ஆனாலும் பாதகமில்லை.

உப்பை எப்போது போடுவது? முதலிலேயே போட்டால் பயறு வேகாது என்கிறார்களே?

இந்த நம்பிக்கை நம்மிடையேயும் இருக்கிறது, இத்தாலியப் பாட்டிமார்களிடமும் இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் கடைசியில்தான் உப்புப் போட்டேன். குழம்பு உப்பாகவும் பயறு சப்பென்றும் இருந்ததற்குக் காரணம் அதுவே என்று பின்னால்தான் புரிந்தது. பயற்றின் தோலை உறுதியாகப் பிடித்து வைத்திருப்பவை அதிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளோடு பிணைந்த கால்சியமும் மெக்னீசியமும் ஆகும். உப்பிலுள்ள சோடியம் அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தோல் இளகுகிறதே தவிர இறுகுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கலந்து அதிலேயே ஊறவைத்துப் பாருங்கள். தோல் வெடிக்காமல், உள்வரை உப்பேறி வெந்திருக்கும். வேகவைக்கும் தண்ணீரிலும் அரைக் கரண்டி போடலாம்.

பயற்றை இறுக்குவது புளிப்புதான். தக்காளியையோ எலுமிச்சையையோ பயறு முழுதும் வேகும் முன் சேர்த்தால், எத்தனை மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அது மெத்தென்று ஆகாது. ஆகவே தக்காளி எப்போதும் கடைசியில் வர வேண்டும்.

வேகவைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அடி கனமான பாத்திரத்தில், முடிந்தால் பழகிய மண்சட்டியில், ஊறிய பயற்றைப் போட்டு அதற்கு மேல் மூன்று விரற்கடை தண்ணீர் ஊற்றுங்கள். தோலோடு நசுக்கிய இரண்டு பல் பூண்டு, மூன்று சேஜ் இலை, ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றை அப்போதே சேர்த்துவிடுங்கள். முதலில் பெருந்தீயில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும் (காரணம் கீழே தனிக் கேள்வியில் இருக்கிறது). மேலே எழும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுங்கள். அதன்பின் தீயை முடிந்தவரை தணித்து, தண்ணீரின் மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் எழும் நிலையில் வைத்துவிடுங்கள். மூடியைச் சற்றே திறந்து வையுங்கள்.

இந்த நிலையில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். கிளற வேண்டாம், பாத்திரத்தின் இரு காதுகளையும் பிடித்து மெல்ல ஆட்டினால் போதும். தண்ணீர் பயற்று மட்டத்துக்கு இறங்கினால் கொதிக்கும் தண்ணீரையே சேருங்கள். முக்கால் மணி நேரத்துக்குப் பின் பதம் பாருங்கள், ஆனால் ஒரே ஒரு பயற்றைத் தின்றுவிட்டு முடிவு செய்யாதீர்கள். மேலும் கீழுமாக ஐந்து பயறு எடுத்துப் பாருங்கள். ஐந்தும் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் அழுத்தினாலே கரைய வேண்டும், அதே சமயம் கரண்டியில் எடுக்கும்போது முழுதாகவும் இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்து, அந்தத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

வெந்த தண்ணீரைத் தயவுசெய்து கொட்டாதீர்கள். கஞ்சி போல் சற்றுக் கனத்து, பூண்டும் சேஜும் இறங்கி நிற்கும் அந்தத் தண்ணீர்தான் பின்னால் குழம்பாகப் போகிறது.

விறகு அடுப்புக் காலத்து டஸ்கனியில் இதற்கு ஒரு அழகான வழி இருந்தது. ‘ஃபியாஸ்கோ’ என்னும் குடுவை வடிவ ஒயின் பாட்டிலின் வைக்கோல் உறையை நீக்கிவிட்டு, பயறு, தண்ணீர், எண்ணெய், சேஜ், பூண்டு எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, வாயைத் தளர்வாக அடைத்து, தணிந்த தணலின் ஓரத்தில் பல மணி நேரம் விட்டுவைப்பார்கள். மணம் வெளியே போகாமல், தண்ணீர் சிறுகச் சிறுகப் பயற்றுக்குள் இறங்கிவிடும். சாதாரணக் கண்ணாடி பாட்டிலை எரிவாயு அடுப்பில் வைத்து இதை யாரும் முயல வேண்டாம், வெடித்துவிடும்.

பிரஷர் குக்கரில் வைத்தால் சுவை கெடுமா?

கெடாது. வேலைக்குப் போகும் நாட்களில் நான் குக்கரில்தான் வைக்கிறேன். ஊறிய வெள்ளை ராஜ்மாவுக்கு மூன்று விசில் வந்தபின் தீயைத் தணித்து எட்டு முதல் பத்து நிமிடம் விடுங்கள். அணைத்தபின் விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றாமல் தானாக அடங்கவிட வேண்டும், இல்லையென்றால் திடீர் அழுத்தக் குறைவில் தோல்கள் பிளந்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வேறுபாடு ஒன்றே ஒன்று: குக்கரில் தண்ணீர் வற்றாததால் குழம்பு நீர்த்திருக்கும், பயற்றைத் தனியே எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் ஐந்து நிமிடம் திறந்து கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டு மணி நேரமாகியும் பயறு கடினமாகவே இருக்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் உங்கள் தவறாக இருக்காது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் நெடுநாள் கிடந்த பயற்றில் உள்ளமைப்பே மாறி, வேகும் திறன் குறைந்துவிடுகிறது. நம் ஊர்ப் பருவநிலை அதற்குத் தோதானது. ஆகவே கூட்டம் வந்து போகும் கடையில், சிறு அளவில் வாங்குங்கள். அடுத்த காரணம் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் தோல் இறுகும். குடிநீருக்கு வைத்திருக்கும் வடிகட்டிய தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். சிட்டிகைச் சமையல் சோடா உதவும், ஆனால் அதற்குமேல் போனால் பயறு கூழாகி, சவுக்கார வாடை வரும்.

ராஜ்மா சரியாக வேகாவிட்டால் நஞ்சு என்பது உண்மையா?

உண்மைதான், இதைக் கவனமாகப் படியுங்கள். ராஜ்மா இனப் பயறுகளில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு புரதம் இருக்கிறது. வேகாமலோ அரைவேக்காடாகவோ உண்டால் சில மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும், தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரும். நான்கைந்து பச்சை விதைகளே போதுமானவை. சிவப்பு ராஜ்மாவில் இது மிக அதிகம். வெள்ளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நன்கு கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடத்தில் இது சிதைந்துவிடுகிறது. பயற்றின் உள்வரை அந்தச் சூடு எட்டியதை உறுதி செய்ய, குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, 30 நிமிடம் கொதிக்கவைக்கும்படி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது.

இதில் ஆபத்தானது, கொதிநிலையை எட்டாத மின்சார ‘ஸ்லோ குக்கர்’. 80 டிகிரி அளவில் பயறு மெத்தென்று ஆகிவிடலாம், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். பச்சை விதையைவிட அந்நிலையில் அதன் வீரியம் கூடவும் கூடும். அத்தகைய பாத்திரத்தைப் பயன்படுத்துவோர் முதலில் அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டே அதில் மாற்ற வேண்டும். பிரஷர் குக்கரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதால் அதில் இந்தக் கவலை இல்லை.

பயறு வெந்துவிட்டது. இனி எப்படி முடிப்பது?

அகலமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சூடேறும் முன்பே நசுக்கிய மூன்று பல் பூண்டையும் மிச்சமுள்ள சேஜ் இலைகளையும் போட்டு, சிறு தீயில் வையுங்கள். நம் தாளிப்பைப் போல எண்ணெய் காய்ந்து பொரிய வேண்டியதில்லை. எண்ணெயும் இலையும் ஒன்றாகச் சூடேறி, மணம் மெல்ல எண்ணெய்க்குள் இறங்க வேண்டும். பூண்டு இளம்பொன் நிறம் கொண்டதும், சுடுநீரில் போட்டுத் தோலுரித்துக் கையால் பிசைந்த தக்காளியைச் சேருங்கள். நாட்டுத் தக்காளியின் புளிப்பு இதற்குச் சற்றுக் கூடுதல். சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி நன்கு பழுத்திருந்தால் அதுவே பொருத்தம். உப்பும் மிளகும் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், தண்ணீர் சுண்டி எண்ணெய் ஓரத்தில் தெரியும்வரை வேகவிடுங்கள்.

இப்போது பயற்றை அரித்துப் போட்டு, வெந்த தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றி, மூடாமல் கால் மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். இரண்டு கரண்டிப் பயற்றை மட்டும் ஓரத்தில் மசித்துவிட்டால் குழம்பு கூடிவரும். கரண்டியை இழுத்தால் தடம் தெரிந்து மெல்ல மூடிக்கொள்ளும் பதமே சரி. தக்காளி பயற்றைப் போர்த்தியிருக்க வேண்டும், மூழ்கடிக்கக் கூடாது. இறக்கியபின் பத்து நிமிடம் விட்டு, மீதமுள்ள ஒரு கரண்டி எண்ணெயைப் பச்சையாக மேலே சுற்றி ஊற்றிப் பரிமாறுங்கள்.

சேஜ் இலை கிடைக்கவில்லை. கறிவேப்பிலை போடலாமா?

கறிவேப்பிலை போட்டால் அது நல்லதொரு உணவாகவே இருக்கும், ஆனால் நம் ஊர்க் கூட்டின் பக்கம் போய்விடும். பெருநகரப் பல்பொருள் அங்காடிகளில் உலர்ந்த சேஜ் கிடைக்கிறது; அரைத் தேக்கரண்டி போதும். ரோஸ்மேரி ஒரு சிறு கொத்து அதற்கு அடுத்த நல்ல வழி. டஸ்கனியிலும் பயற்றோடு அதைச் சேர்ப்பதுண்டு. இரண்டும் இல்லையென்றால் தொட்டியிலுள்ள கற்பூரவள்ளியில் பிஞ்சு இலை ஒன்றே ஒன்று. சேஜும் கற்பூரவள்ளியும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் கற்பூரவள்ளியின் காரம் அதிகம், இரண்டாவது இலை போட்டால் இருமல் மருந்தின் நினைவு வந்துவிடும்.

ஆலிவ் எண்ணெய் விலை அதிகம். வேறு எண்ணெய் ஆகுமா?

வேகவைக்கவும் பூண்டு வதக்கவும் கடலை எண்ணெய் பயன்படுத்தி, கடைசியில் மேலே ஊற்றும் ஒரு கரண்டிக்கு மட்டும் நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். மணம் அந்தக் கடைசிக் கரண்டியில்தான் இருக்கிறது. நல்லெண்ணெய் வேண்டாம்; அதன் மணம் சேஜை முழுவதும் அடக்கிவிடும்.

வெங்காயம், காரம், சீஸ் சேர்க்கலாமா?

காய்ந்த மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போடுவது இத்தாலியிலும் நடப்பதுதான். வெங்காயம் இனிப்பைக் கூட்டிவிடும், நான் சேர்ப்பதில்லை. சீஸ் இந்த உணவுக்கு வழக்கமில்லை.

டின்னில் வரும் பயற்றைப் பயன்படுத்தலாமா?

400 கிராம் டின்னில் வடித்தபின் ஏறக்குறைய 240 கிராம் பயறு இருக்கும். நான்கு பேருக்கு இரண்டு டின் வேண்டும். ஏற்கெனவே வெந்தது என்பதால் கழுவி நேராகத் தக்காளியில் சேர்க்கலாம். பயற்றுத் தண்ணீரின் இடத்தில் வெந்நீர் ஊற்ற வேண்டியிருப்பதால் குழம்பில் ஆழம் குறையும், அவ்வளவுதான்.

வயிற்றில் வாயு சேருமே?

பயற்றிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளை நம் சிறுகுடல் செரிப்பதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டுவதால் அவற்றில் ஒரு பகுதி போய்விடும். முழுக்க வேகவைப்பதும், முதலில் சிறு அளவில் தின்று பழகுவதும் உதவும்.

இதை எதனோடு சாப்பிடுவது? மீந்தால் என்ன செய்வது?

டஸ்கனி ரொட்டியில் உப்பே போடுவதில்லை. அந்தச் சப்பென்ற ரொட்டியைத் தணலில் வாட்டி, பச்சைப் பூண்டால் தேய்த்து, உப்பும் எண்ணெயும் விட்டு, மேலே இந்தப் பயற்றை அள்ளி வைப்பார்கள். இறைச்சி உண்போர் பன்றி இறைச்சிச் சாசேஜை அதே குழம்பில் வேகவைப்பார்கள். நம் வீட்டில் கடினமான மேலோடுள்ள பேக்கரி ரொட்டியைத் தோசைக்கல்லில் வாட்டினால் போதும். இனிப்பு கலந்த மென்மையான ரொட்டி ஒத்துவராது. சூடான வெறுஞ்சோற்றோடும் நன்றாகவே சேரும்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், இரண்டாம் நாள் சுவை இன்னும் நன்றாக ஊறியிருக்கும். மூன்றாம் நாள் பாதியை மசித்து, தண்ணீர் கூட்டிக் கொதிக்கவிட்டு, அதில் ஒரு கைப்பிடிச் சிறிய பாஸ்தாவை வேகவைத்தால், இத்தாலி முழுவதும் உண்ணப்படும் ‘பாஸ்தா எ ஃபஜோலி’க்கு நெருங்கிய ஒரு சூப் கிடைக்கும். பாஸ்தா தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை உடனே பரிமாறிவிடுங்கள்.